அதிகம் குளிர்வித்தால் மண் குறைவாக எழுகிறது, ஏன்?

வண்டல்மண் எழுதியது:

வணக்கம். மண் உறையும்போது மேலெழுவது பற்றி, பாடத்தில் ஃப்ராஸ்ட் ஹீவ் என்று வருமே அதைப் பற்றி, முதுநிலைப் படிப்புக்காகச் சோதனை செய்துகொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். உதவி வேண்டும்.

அமைப்பு இதுதான். 15 செ.மீ. உயரமுள்ள உருளை, உள்ளே நீர் நிறைந்த வண்டல் மண். மேல் தட்டைக் குளிரூட்டுகிறேன். கீழ்த் தட்டு +3 டிகிரியில் நிற்கிறது. அதன் வழியாக மண் தனக்கு வேண்டிய நீரை பியூரெட்டிலிருந்து (அளவு குறித்த கண்ணாடிக் குழாய்) இழுத்துக்கொள்ளலாம். மேலே, எழுச்சியை அளக்க டயல் கேஜ். ஒவ்வொரு சோதனையும் 24 மணி நேரம்.

மேல் தட்டை -3, -6, -12 டிகிரி என்று மூன்று விதமாக வைத்துப் பார்த்தேன். குளிர் கூடக்கூட எழுச்சியும் கூடும் என்றுதான் எதிர்பார்த்தேன். -3ஐ விட -6இல் கூடியது, சரி. ஆனால் -12இல் குறைந்துவிட்டது. மண்ணை எடுத்துப் பிசைந்து மறுபடி நிரப்பிச் செய்தேன், அதே கதை. பியூரெட்டிலும் நீர் குறைவாகவே இறங்கியிருக்கிறது. வெப்பத்தை அதிகம் வெளியே எடுக்கிறேன், மண் குறைவாக எழுகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பாறைப்பூ எழுதியது:

நீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். -12இல் அதிக மண் உறைந்திருக்கும், ஆக எழுச்சியும் அதிகமாகத்தான் இருக்க வேண்டும். எங்கேயோ கசிவு இருக்கிறது அல்லது டயல் கேஜ் சிக்கிக்கொண்டிருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

பழையசாலை எழுதியது:

வண்டல்மண், உங்கள் சோதனையில் தவறு இல்லை அம்மா. பாறைப்பூ சொன்ன அந்த 9 சதவீதத்தில்தான் எல்லோரும் முதலில் வழுக்குகிறோம். நானும் வழுக்கியிருக்கிறேன்.

குளிர்நாட்டுச் சாலைகளில் வேலை பார்த்தவன் நான். ஒரு குளிர்காலம் கடுமையாக இருந்தது. வெப்பநிலை ஒரே வாரத்தில் சரிந்து கீழேயே கிடந்தது. அந்த ஆண்டு சாலை பெரிதாகக் கெடவில்லை. அடுத்த குளிர்காலம் மிதமானது, பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. அந்த ஆண்டுதான் சாலை முதுகு வளைத்து எழுந்தது. மேலதிகாரிகள் கட்டுமானத்தைக் குறை சொன்னார்கள், எனக்கும் பதில் தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது.

முதல் விஷயம். மண் எழுவதற்கு முக்கியக் காரணம் நீர் விரிவது இல்லை. அமெரிக்காவில் ஸ்டீபன் டேபர் 1929, 1930 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் இதைத் தெளிவாகக் காட்டிவிட்டார். நீருக்குப் பதிலாக பென்சீனையும் நைட்ரோபென்சீனையும் மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். இவை உறையும்போது விரிவதில்லை, சுருங்குகின்றன. இருந்தும் மண் எழுந்தது! ஆக, விரிவு இல்லாமலேயே எழுச்சி நடக்கும். கீழேயிருந்து திரவம் உறையும் இடத்துக்கு இழுக்கப்பட்டு, அங்கே பனிக்கட்டி அடுக்காகத் தடிப்பதுதான் காரணம். அந்த அடுக்கைத்தான் ஐஸ் லென்ஸ் என்கிறோம். பனிவில்லை என்று நான் எழுதுகிறேன்.

இரண்டாவது விஷயம், வெப்பக் கணக்கு. இதைக் காகிதத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்தால் வாழ்நாளுக்கும் மறக்காது.

உறையும் இடத்திலிருந்து மேலே போகும் வெப்பம் ஒன்று. கீழே வெதுவெதுப்பான மண்ணிலிருந்து அந்த இடத்துக்கு வந்து சேரும் வெப்பம் இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது எதுவோ, அது மட்டும்தான் நீரை உறைய வைக்கும். சதுர மீட்டருக்கு 15 வாட் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் அது ஏறக்குறைய 1.3 மெகாஜூல். நீரின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு 334 கிலோஜூல். அப்படியானால் ஒரு நாளில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4 கிலோ நீரை, அதாவது 4 மி.மீ. தடிமனுள்ள நீர்ப்படலத்தை, அந்த வெப்ப இழப்பு உறைய வைக்கும்.

அந்த 4 மி.மீ. நீர் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏற்கெனவே அங்கேயே மண்துளைக்குள் இருந்த நீர் என்றால், உறையும் முகம், அதாவது உறைந்த மண்ணும் உறையாத மண்ணும் சந்திக்கும் எல்லை, கீழே நகர்ந்து அதைப் பிடிக்கிறது. மண்ணில் 40 சதவீதம் துளை, முழுக்க நீர் என்றால், 4 மி.மீ. நீருக்கு 1 செ.மீ. மண் உறைய வேண்டும். எழுச்சி? அந்த 4 மி.மீ.இன் 9 சதவீதம், 0.36 மி.மீ. அவ்வளவுதான்.

மாறாக, உறையும் முகம் நகராமல் ஒரே இடத்தில் நின்று, அந்த 4 மி.மீ. நீரும் கீழேயிருந்து ஏறி வந்து உறைந்தது என்றால், முழுத் தடிமனும் எழுச்சியாகிவிடும். 4.36 மி.மீ.

வெப்ப இழப்பு ஒன்றே, உறைந்த நீரும் ஒன்றே. எழுச்சி மட்டும் ஏறக்குறைய 12 மடங்கு வேறுபடுகிறது. ஆகவே "எவ்வளவு வெப்பம் போனது" என்பதோடு நிற்காமல், போன வெப்பம் எந்த நீரின் மேல் செலவானது என்றும் கேட்க வேண்டும். உங்கள் -12 டிகிரித் தட்டு வெப்பத்தை அவ்வளவு வேகமாக உறிஞ்சியதால், கீழேயிருந்து நீர் வந்து சேருவதற்குள் உறையும் முகம் கீழே ஓடிவிட்டது. இருந்த நீரை இருந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டது. பியூரெட் குறைவாக இறங்கியது அதற்குச் சாட்சி. நல்ல வேளை, அதையும் குறித்து வைத்தீர்கள்.

பாறைப்பூ எழுதியது:

பென்சீன் சோதனை பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். என் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் ஐயா. ஆனால் ஒரு சந்தேகம். நீர் ஏன் மேல்நோக்கி ஏற வேண்டும்? எது இழுக்கிறது?

மென்படலம் எழுதியது:

இதை நான் சொல்லலாமா? என் ஆய்வே இதுதான்.

மண்துகளுக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே, பூச்சியத்துக்குக் கீழேயும், உறையாத மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். துகளின் மேற்பரப்புக்கு அருகில் நீர் திரவமாக இருப்பதையே விரும்புகிறது. வெப்பநிலை குறையக் குறைய இந்தப் படலம் மெலிகிறது. மெலிந்த படலம் மறுபடி தடிக்கப் பார்க்கும், அதற்கு நீர் வேண்டும், அதை வெப்பமான பக்கத்திலிருந்து இழுக்கும். வந்த நீரின் ஒரு பகுதி பனியாகி வில்லையில் சேரும், படலம் மறுபடி மெலியும், மறுபடி இழுக்கும். வெப்பத்தை யாராவது எடுத்துக்கொண்டே இருக்கும்வரை இது நிற்காது.

இழுப்பின் அளவு தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். உறைநிலைக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 1.2 மெகாபாஸ்கல். வெறும் பத்தில் ஒரு டிகிரிக்கே 12 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தம். சாலையையும் கட்டடத்தையும் தூக்குவது இந்த விசைதான்.

அப்படியானால் குளிர் கூடினால் இழுப்பும் கூட வேண்டுமே என்று கேட்பீர்கள். கூடும். ஆனால் அதே குளிர், நீர் வரும் வழியையும் அடைக்கிறது. பனிவில்லைக்கும் உறையாத மண்ணுக்கும் நடுவே பாதி உறைந்த ஒரு மெல்லிய பட்டை இருக்கும். உறைவிளிம்பு என்று சொல்லலாம், 1972இல் மில்லர் முன்வைத்த கருத்து இது. அந்தப் பட்டையில் வெப்பநிலை ஒரு டிகிரியின் சிறு பகுதி இறங்கினாலே நீர் செல்லும் வழி பல மடங்கு குறுகிவிடும். இழுக்கிற கையும் கழுத்தை நெரிக்கிற கையும் ஒன்றே.

டேபர் செய்ததன் தொடர்ச்சியாக ஒன்று சொல்ல ஆசை. 2000ஆம் ஆண்டில் ஆர்கானைக்கூட நுண்துகள்களுக்குள் உறைய வைத்து எழுச்சி வருவதைக் காட்டினார்கள். நீருக்கு மட்டும் உரிய தந்திரம் அல்ல இது. படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அடுக்குமண் எழுதியது:

பழையசாலை ஐயா, உங்கள் கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு முரண்பாடு இருக்கிறதே. சுவீடனில் குன்னார் பெஸ்கோவ் 1935இல் எழுதியதில், மாறாத சுமையின் கீழ் எழும் வேகம் உறையும் வேகத்தைச் சார்ந்தது இல்லை என்று சொல்கிறார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1947இல் வந்து பலரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வெப்ப இழப்பு எழும் வேகத்தைப் பாதிக்கவே இல்லை என்றல்லவா அதற்குப் பொருள்? அவர் சொன்னது தவறா?

பழையசாலை எழுதியது:

அடுக்குமண், இந்தக் கேள்விக்காகவே இழையைத் தொடரலாம்.

பெஸ்கோவ் களத்தையும் ஆய்வகத்தையும் சேர்த்துப் பார்த்தவர். அவர் பார்த்தது பொய்யில்லை. நீர் தாராளமாகக் கிடைக்கும் ஏற்பாட்டில், வெப்ப இழப்பு ஒரு நடுத்தர அளவில் இருக்கும்போது, கூடுதலாக எடுக்கும் வெப்பம் வில்லைக்குப் போவதில்லை, உறையும் முகத்தைக் கீழே தள்ளுவதற்குப் போகிறது. நீர் வந்து சேரும் வேகம்தான் அங்கே தடை. அந்த வேகத்தில் மண் எழுந்துகொண்டே இருக்கும். கடிகாரத்தை வைத்து அளந்தால் எழும் வேகம் மாறாதது போலத் தெரியும்.

ஆனால் அளவுகோலை மாற்றிப் பாருங்கள். ஒரு செ.மீ. ஆழம் உறைவதற்கு எவ்வளவு எழுந்தது என்று கேட்டால், வேகமாக உறைந்ததில் குறைவு, மெதுவாக உறைந்ததில் அதிகம். ஒரே சோதனையை இரண்டு அளவுகோலில் பார்த்தவர்கள் பல ஆண்டுகள் எதிரெதிராகப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது என் எண்ணம்.

பிறகு கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பென்னர் 1972இல் உறையும் வேகத்தை மாற்றி மாற்றிச் சோதித்து, எழுச்சி அதைச் சார்ந்தே இருக்கிறது என்று காட்டினார். முழுப் படத்தை இப்படி நினைத்துக்கொள்ளலாம். வெப்ப இழப்பு மிகச் சிறியதாக இருக்கும்போது நீர் காத்துக்கிடக்கிறது, வெப்பம்தான் தடை. இழப்பைக் கூட்டினால் எழுச்சி வேகம் கூடும். ஒரு கட்டத்தில் நீர் வரத்து ஈடுகொடுக்க முடியாமல் போகும். அங்கே மேடுபோல ஓர் உச்சம். அதையும் தாண்டிக் கூட்டினால், நீர் வரும் முன்பே மண் உறைந்துவிடும், எழுச்சி வேகம் இறங்கும். வண்டல்மண்ணின் -3, -6, -12 அந்த மேட்டின் இரண்டு பக்கத்திலும் விழுந்திருக்கிறது.

உச்சம் எங்கே வரும் என்பது மண்ணைப் பொறுத்தது. மணலில் நீர் சுலபமாக ஓடும், ஆனால் பெரிய துளைகளில் இழுப்பு இல்லை. களிமண்ணில் இழுப்பு பலம், நீர்தான் ஊர்ந்து வரும். வண்டலில் இரண்டும் பொருந்திவிடுகின்றன, அதனால்தான் அது பொல்லாத மண். மண்பொறியாளர் காசக்கிராண்டே 1930களின் தொடக்கத்திலேயே ஒரு எல்லை சொன்னார். பல அளவுத் துகள்கள் கலந்த மண்ணில் 0.02 மி.மீ.க்குச் சிறிய துகள் 3 சதவீதத்தைத் தாண்டினாலே எச்சரிக்கை. அந்த 3 சதவீதத்தை இன்றைக்கும் பொறியாளர்கள் முதலில் பார்க்கிறார்கள்.

வண்டல்மண் எழுதியது:

ஐயா, இரவெல்லாம் உங்கள் கணக்கை என் உருளைக்குப் போட்டுப் பார்த்தேன். சரியா என்று சொல்லுங்கள்.

உறைந்த மண்ணின் வெப்பக் கடத்துதிறன் 2, உறையாததன் கடத்துதிறன் 1.3 என்று எடுத்தேன், இரண்டுமே மீட்டர் டிகிரிக்கு வாட். உறைந்த தடிமன் 10 செ.மீ., மேல் தட்டு -5 என்றால் மேலே போகும் வெப்பம் சதுர மீட்டருக்கு 100 வாட். கீழே மிச்சம் 5 செ.மீ., தட்டு +3. அங்கிருந்து வருவது 78 வாட். மிஞ்சுவது 22 வாட் மட்டும். நூறு வாட் எடுத்துவிட்டோம் என்று நினைத்தால், அதில் முக்கால்வாசிக்கு மேல் என் கீழ்த் தட்டு கொடுத்த வெப்பத்தைத்தான் எடுத்திருக்கிறோம்!

அந்த 22 வாட் முழுவதும் வில்லைக்கே போனால் ஒரு நாளைக்கு 5.7 மி.மீ. நீர், பனியாக 6.2 மி.மீ. இது உச்சவரம்பு, இல்லையா? இதைவிட வேகமாக எழவே முடியாது.

அதோடு, முகம் எங்கே போய் நிற்கும் என்றும் பார்த்தேன். இரண்டு வெப்பமும் சமமாகும் இடம். -3க்கு மேலிருந்து 9 செ.மீ., -6க்கு 11, -12க்கு ஏறக்குறைய 13 செ.மீ. அப்படியானால் 24 மணி நேரத்தில் என் -12 சோதனை பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நிற்கவே நேரம் கிடைக்கவில்லை.

பழையசாலை எழுதியது:

கணக்கு சரி. உச்சவரம்பு என்பதும் சரி. கடைசிப் பத்திதான் தங்கம். 24 மணியில் நிறுத்தாமல் நான்கைந்து நாள் விடுங்கள். -12இல் முகம் 13 செ.மீ.ஐ நெருங்கி மெதுவாகும்போது வில்லை வளரத் தொடங்கும். நீருக்கும் 2 செ.மீ. தூரம்தான். முதல் நாள் குறைவாக எழுந்த மண், அப்புறம் மற்ற இரண்டையும் முந்திவிடலாம்.

ஆகவே தட்டின் வெப்பநிலையை மட்டும் எழுதி எழுச்சியை ஒப்பிடாதீர்கள். தட்டுக்குக் கீழே வெப்ப ஓட்டமானி ஒன்று வைக்க முடிந்தால் வையுங்கள். இல்லையென்றால் உயரத்தில் வரிசையாகத் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) செருகி, வெப்பநிலைச் சரிவிலிருந்து கணக்கிடுங்கள். இரண்டு தட்டின் வெப்பநிலையையும் ஒரே வேகத்தில் மெல்ல மெல்ல இறக்கினால், முகம் சீரான வேகத்தில் நகரும், வெப்பநிலைச் சரிவும் அதிகம் மாறாது. அப்போதுதான் உறையும் வேகத்தின் விளைவைத் தனியாகப் பிரிக்க முடியும்.

உறைசுவர் எழுதியது:

சுரங்கப் பணிகளுக்காக மண்ணை வேண்டுமென்றே உறைய வைக்கும் வேலை எங்களுடையது. 1883இல் ஜெர்மனியில் பொயட்ஷ் காப்புரிமை பெற்ற முறை, இன்றும் அடிப்படை அதேதான். குழாய்களை இறக்கி -25, -30 டிகிரி உப்புக் கரைசலைச் சுற்றவிடுவோம். அவசரம் என்றால் திரவ நைட்ரஜன், -196 டிகிரி.

இந்த இழையில் பேசுவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். நைட்ரஜனால் சில நாளில் உறைந்த சுவர் மேலே இருக்கும் கட்டடத்தைக் குறைவாகவே தூக்கும். உப்புக் கரைசலில் வாரக்கணக்கில் உறைவது அதிகம் தூக்கும். அதைவிட மோசம், சுவர் உருவான பிறகு தோண்டி முடிக்கும்வரை மாதக்கணக்கில் குளிர்வித்துக்கொண்டே இருப்பது. முகம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது, பனிவில்லை நிதானமாகத் தடிக்கிறது. அதனால் சுவர் தயாரானதும் குளிரூட்டலைக் குறைத்து, விட்டு விட்டு ஓட்டுவோம். வெப்பக் கணக்கில் மிஞ்சுவதைப் பூச்சியத்துக்கு அருகில் பிடித்து வைப்பதுதான் நோக்கம் என்று இப்போது விளங்குகிறது. இவ்வளவு நாள் அனுபவத்தில் செய்தோம், காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

கிடங்குக்காவல் எழுதியது:

என் பிரச்சினையும் இதுவாக இருக்குமோ? -25 டிகிரியில் ஓடும் குளிர்பதனக் கிடங்கைப் பராமரிக்கிறேன். பத்தாண்டாகிறது. தரை நடுவில் மேடாகிக்கொண்டே வருகிறது, அடுக்குத் தாங்கிகள் சாய்கின்றன, கதவு ஒன்று மூடவில்லை. தரைக்குக் கீழே 15 செ.மீ. நுரைப்பலகை போட்டிருக்கிறார்கள், வெப்பக்காப்பு இருக்கும்போது மண் எப்படி உறையும் என்று கட்டிக்கொடுத்தவர் கேட்கிறார்.

பழையசாலை எழுதியது:

வெப்பக்காப்பு வெப்ப இழப்பைக் குறைக்கும், நிறுத்தாது. உங்கள் 15 செ.மீ. பலகையின் வழியாக, கீழே மண் 0 டிகிரி என்று வைத்தால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 வாட் போகும். சிறியதுதான். ஆனால் பூமியின் ஆழத்திலிருந்து மேலே வரும் வெப்பம் சராசரியாக 0.1 வாட்டுக்கும் குறைவு. கொடுப்பதைவிட எடுப்பது அதிகம். முதல் சில ஆண்டுகள் சுற்றியுள்ள மண் தன் சேமிப்பிலிருந்து கொடுத்துச் சமாளிக்கும். சேமிப்பு தீர்ந்ததும் உறையும் முகம் பலகைக்குக் கீழே இறங்கும், அதுவும் மிக மெதுவாக. நடுவில் மேடாவதற்கும் காரணம் இதுதான், ஓரங்களுக்கு வெளியிலிருந்து வெப்பம் கிடைக்கிறது, நடுவுக்கு யாரும் கொடுப்பதில்லை.

மெதுவான, நிற்காத வெப்ப இழப்பு, கீழே நிலத்தடி நீர். பனிவில்லை வளர இதைவிட வசதியான இடம் இல்லை. சாலைக்காவது வசந்தம் வரும். உங்கள் தரைக்குக் கோடையே கிடையாது.

பொதுவான தீர்வு, காப்புப் பலகைக்குக் கீழே வெப்பம் கொடுப்பது. கிளைகோல் என்னும் உறைதடுப்புத் திரவம் ஓடும் குழாய்களோ மின்கம்பியோ காற்றோட்டக் குழாய்களோ வைப்பார்கள். உங்கள் கிடங்கில் அவை இருந்து பழுதாகியிருக்கவும் கூடும், வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: பயந்துபோய்க் குளிரூட்டியை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பனிவில்லை உருகினால் அத்தனை நீரும் மண்ணிலேயே நிற்கும், அடியில் இன்னும் உறைந்த மண் இருப்பதால் வடியவும் வழியில்லை. மண் கூழாகும், தரை கண்டபடி இறங்கி உடையும். மண்பொறியாளர் ஒருவரை அழைத்து, துளையிட்டு வெப்பநிலை பார்த்து, மெல்ல உருக்கத் திட்டமிட வேண்டும்.

கிடங்குக்காவல் எழுதியது:

வரைபடத்தில் மின்கம்பி இருக்கிறது ஐயா! கட்டுப்பாட்டுப் பெட்டியில் அதற்கான சுவிட்ச் அணைந்து கிடக்கிறது. எப்போதிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. எதையும் தொடவில்லை, ஆள் அழைத்திருக்கிறேன். மிக்க நன்றி.

அடுக்குமண் எழுதியது:

இதைப் படித்ததும் வீடுகள் நினைவுக்கு வந்தன. குளிர்நாட்டில் பழைய வீடுகளின் ஆழமில்லாத அஸ்திவாரம் நன்றாக இருந்ததற்கு, தரை வழியே கசிந்த வெப்பமும் ஒரு காரணம். எரிபொருளை மிச்சப்படுத்தத் தரைக்கு நல்ல காப்பு போட்டார்கள், அஸ்திவார மண்ணுக்கு வந்துகொண்டிருந்த வெப்பம் நின்றது. அதற்காகத்தான் ஸ்காண்டிநேவிய நாடுகளில் அஸ்திவாரத்தின் வெளிப்புறம் மண்ணுக்குள் இறக்கைபோலக் கிடைமட்டமாகக் காப்புப் பலகை விரிக்கிறார்கள். வீட்டின் வெப்பத்தை விட்டுவிடாமல் மண்ணுக்குள்ளேயே பிடித்து வைக்கிறது.

மென்படலம் எழுதியது:

திசையையும் மறக்க வேண்டாம். பனிவில்லை வெப்பம் போகும் திசைக்குச் செங்குத்தாகத்தான் படரும், தடிப்பது அந்தத் திசையில். சாலையில் வெப்பம் மேலே போகிறது, மண்ணும் மேலே எழுகிறது. தாங்குசுவரில் வெப்பம் சுவர் வழியாகப் பக்கவாட்டில் போகிறது, அங்கே வில்லைகள் சுவருக்கு இணையாக நின்று சுவரையே முன்னே தள்ளும். எழுச்சி என்று பெயர் வைத்ததால் பலர் இதைக் கவனிப்பதில்லை.

வண்டல்மண் எழுதியது:

ஐந்து நாள் ஓட்டி, இன்று -12 மாதிரியை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. மேல் பகுதியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, இறுகிப்போன மண்தான். அதற்குக் கீழே முடிபோல மெல்லிய கோடுகள், இறங்க இறங்க இடைவெளி கூடிக் கோடுகளும் தடிக்கின்றன. கீழே, ஏறக்குறைய எதிர்பார்த்த ஆழத்தில், தெளிவான ஒரே பெரிய வில்லை. அதன் வழியாக விளக்கைப் பார்க்க முடிந்தது. டயல் கேஜ் வளைவும் இரண்டாம் நாளுக்குப் பிறகுதான் செங்குத்தாகிறது, -6ஐத் தாண்டிவிட்டது.

ஆனால் ஒன்று புரியவில்லை. பெரிய வில்லை தட்டையாக இல்லை. கிண்ணம்போல இருக்கிறது, நடுவில் தாழ்ந்து, உருளையின் சுவரோரம் மேலே வளைகிறது. மென்படலம் அக்கா திசை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தேன். வில்லை வெப்பத்தின் திசைக்குச் செங்குத்து என்றால், ஓரத்தில் வெப்பம் நேராக மேலே போகவில்லை, பக்கத்திலிருந்து உள்ளே வந்திருக்கிறது. என் உருளையின் பக்கச் சுவருக்குக் காப்பு போதவில்லை, அப்படித்தானே?

மென்படலம் எழுதியது:

அப்படியேதான். அறையின் வெப்பம் சுவர் வழியாக நுழைந்து ஓரத்தை வெதுவெதுப்பாக வைத்திருக்கிறது, அதனால் அங்கே முகம் ஆழத்துக்கு இறங்கவில்லை. உன் 22 வாட் கணக்கில் இந்தப் பக்கத்து வரவு சேரவே இல்லை. கீழ்த் தட்டு கொடுப்பதை மட்டும் கழித்தாய், சுவர் கொடுத்ததைக் கழிக்கவில்லை. -3 சோதனையில் இதன் பங்கு இன்னும் பெரிது, ஏனென்றால் அங்கே மொத்த ஓட்டமே சிறியது. பழைய அளவுகளை அப்படியே ஒப்பிட வேண்டாம்.

பழையசாலை எழுதியது:

உருளையைச் சுற்றித் தடித்த நுரை, அதற்கு வெளியே பெட்டி, பெட்டிக்குள் காற்றை +1 அல்லது +2 டிகிரியில் பிடியுங்கள். ஓரத்துக்கும் நடுவுக்கும் ஒரே உயரத்தில் இரண்டு தெர்மோகப்பிள் வைத்தால் பக்கத்துக் கசிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். உள்சுவருக்கு மெல்லிய கிரீஸ் தடவுங்கள், உறைந்த மண் சுவரைப் பிடித்துக்கொண்டாலும் எழுச்சி குறைந்து தெரியும். அறுத்த மாதிரியை உருகுவதற்குள் படம் எடுத்தீர்களா?

வண்டல்மண் எழுதியது:

எடுத்துவிட்டேன் ஐயா, அளவுகோலை அருகில் வைத்து. பெட்டிக்குப் பலகை வெட்டியாகிவிட்டது, இரண்டாவது தெர்மோகப்பிள் வரிசைக்கு நாளை துளை போடுகிறேன். முதலில் -3ஐத்தான் மறுபடி ஓட்டப்போகிறேன், இந்தத் தடவை முழுதாக ஒரு வாரம்.